விறகுக் கடைக்குப் போன தேக்கு

எங்கள் பகுதியில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால், கடப்பாறைக்கு முன்பாக வந்து சேர்பவர் விலை பேசும் ஆள்தான். அவர் சுவரைப் பார்ப்பதில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பார். விரலை மடக்கிக் கதவைத் தட்டிவிட்டுச் செவி சாய்ப்பார். பிறகு இடிக்கும் கூலி, மண் அள்ளும் கூலி அனைத்தையும் கழித்துக்கொண்டு ஒரு தொகையைச் சொல்வார். இடிப்பதற்கு நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த வீட்டாருக்கு, அவரே பணம் தருகிறார் என்பது பெரும் ஆறுதலாக இருக்கும். மறுபேச்சின்றிச் சம்மதித்து விடுவார்கள்.

2011ஆம் ஆண்டில் நாங்களும் அப்படித்தான் சம்மதித்தோம். கரையோர ஊர்கள் சிலவற்றில் வீடு பெண் மக்களுக்கே உரியது என்னும் வழக்கத்தை வாசகர்கள் அறிவர். எங்கள் வீடும் உம்மாவின் தாய் வழியில் வந்தது. ராத்தாமார் இருவர், இருவருக்கும் பெண் குழந்தைகள். அந்த ஒரு வீட்டை இரண்டு வீடாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எனவே இடித்தது பிழையென்று இன்றும் நான் கருதவில்லை. மரத்தை விற்ற விதந்தான் பிழை. ஒப்பந்தத் தாளில் கையொப்பமிட்டவன் நான். "நிலையும் கதவும் உட்பட" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன், அதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த மரம் இரங்கூனிலிருந்து வந்தது என்று உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றும் வரை, தமிழகக் கடற்கரைக்கும் இரங்கூனுக்கும் இடையே ஆளும் சரக்கும் போய்வந்துகொண்டே இருந்தன. செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கி நிற்பது பர்மாத் தேக்கு என்பது ஊரறிந்த செய்தி. அங்கே கடை வைத்திருந்த நம்மவர்களும் தத்தம் ஊரில் வீடு கட்டியபோது அதே தேக்கை நாடினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகக் கொத்தி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். அதன் பிறகே வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, ஐராவதி ஆற்றில் மிதக்க விட்டு இரங்கூன் கொண்டுவந்தார்கள். ஆக, அந்த மரம் கப்பலேறும் முன்பே பாதி பதப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிற்கு வந்த பின் நான்கு தலைமுறை நிழலில் காய்ந்தது. இவ்வளவு பக்குவப்பட்ட மரத்தை இன்று எந்தப் பட்டறையிலும் புதிதாக வாங்க முடியாது. தோட்டங்களில் நட்டு இருபது, முப்பது ஆண்டுகளில் வெட்டப்படும் தேக்கும் தேக்குதான். ஆனால் அதில் வைரம் குறைவு. ஆசாரிகள் 'வெள்ளை' என்று சொல்லும் வெளிமரம் மிகுதி. கரையானை விரட்டும் எண்ணெய்ச் சத்து வைரத்தில்தான் இருக்கிறது, வெள்ளையில் இல்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரிய வந்தது காலங்கடந்தே. வீடு இடிபட்ட இரண்டாம் மாதம், கடைத்தெருவில் ஒரு விறகுக் கடையைக் கடந்து சென்றேன். குவியலின் மேல் பச்சை வண்ணம் பூசிய ஒரு துண்டு கிடந்தது. எங்கள் சமையலறைக் கதவின் நிறம் அது. உத்தரங்களையும் பெரிய தூண்களையும் மர வியாபாரிக்கு விற்றுவிட்டு, அளவு குறைந்தவற்றையும் ஆணி மிகுந்தவற்றையும் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பரோட்டாக் கடை அடுப்புக்குப் போகிறது என்றார் கடைக்காரர். அடுத்த ஆண்டு ஒரு நிக்காஹ் நிமித்தம் காரைக்குடிக்குச் சென்றிருந்தபோது, பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவைச் சுற்றி வந்தேன். எங்கள் தலைவாசல் கதவைப் போன்றதொரு நிலைக்கதவுக்கு அங்கே சொல்லப்பட்ட விலை, வீடு முழுவதற்கும் நாங்கள் வாங்கிய தொகையைவிட அதிகம். வீடு திரும்பிய பின் ராத்தாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எங்களிடம் மிஞ்சியவை மூன்று. இரண்டு கதவுப் பலகைகள், லாரியில் இடமில்லாமல் விட்டுச் சென்றவை, ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாக நின்றன. தலைவாசலின் கீழ்ப்படி ஒன்று கிணற்றடியில் கிடந்தது. மழையும் வெயிலும் பட்டு மூன்றும் சாம்பல் நிறமாகி விட்டன. அவற்றை ஒரு பொருட்டாக எவரும் நினைக்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் மத்ரஸாவில் ரைஹால் பலகைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வாங்கிய ஒட்டுப்பலகை ரைஹால்கள் ஒரு மழைக்காலத்தில் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து விட்டன. பிள்ளைகள் முழங்காலில் குர்ஆனை வைத்து ஓதுவதைக் காணப் பொறுக்காமல், பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதிய ஆசாரியாரை அழைத்து வந்தேன். புது மரத்துக்கு விலை கேட்பதுதான் என் எண்ணம். அவர் ஆட்டுக் கொட்டகையருகே நின்றார். இடுப்பிலிருந்த உளியை எடுத்துக் கதவின் ஓரத்தில் ஒரு சிராய் சீவினார். சாம்பல் நிறத்துக்கு அடியில் தேன் நிறம் தெரிந்தது. சிராயை என் மூக்கருகே நீட்டினார்.

"பாய், மோந்து பாருங்க. இதை ஆட்டுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருக்கீங்களே!"

தேக்கின் மணம், நேற்று அறுத்தது போல இருந்தது.

ரைஹால் செய்யும் முறையை நான் அதுவரை கூர்ந்து பார்த்ததில்லை. அன்றாடம் கையாளும் பொருளாயினும் அது ஒரே பலகையால் ஆனது என்பதே எனக்கு உறைத்ததில்லை. ஒன்றே கால் அங்குலக் கனம், ஏழு அங்குல அகலம், இரண்டடி நீளம். இவ்வளவுதான் தேவை. நடுவிற்குச் சற்றுத் தள்ளிக் குறுக்கே விரற்கடை அகலத்தில் கணுக்களைக் குறிக்கிறார். ஒன்று விட்டு ஒன்றாக, மேற்பக்கத்திலிருந்து பாதிக் கனமும் கீழ்ப்பக்கத்திலிருந்து பாதிக் கனமும் உளியால் கொத்தி இறக்குகிறார். அதன்பின் பலகையை நிமிர்த்தி வைத்து, கனத்தின் நடுவே இரு முனைகளிலிருந்தும் வாளால் பிளந்துகொண்டு கணு வரை வருகிறார். இரண்டாவது வெட்டும் கணுவைத் தொட்டதும் பலகை இரண்டு இதழாக விரிகிறது, ஆனால் பிரிவதில்லை. ஆணியில்லை, கீலில்லை, பசையில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாடத்தை மறந்தார்கள். நானும் அவர்களை அதட்ட மறந்தேன்.

இதற்கு மரத்தின் நார் ஓட்டம் நேராக இருக்க வேண்டும். கணுவில் ஒரு முடிச்சு இருந்தாலும் விரிக்கும்போது பட்டென்று போய்விடும். மெதுவாக வளர்ந்த பழந்தேக்கில் ஆண்டு வளையங்கள் நெருங்கியிருப்பதால் உளி போன வழியில் மரம் நிற்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலையுண்டு. தேக்கில் இயல்பாகவே மணல் சத்து இருப்பதால் வாளின் பல் விரைவில் மழுங்கும். நாளுக்கு இருமுறை அரம் போட்டார். பழைய ஆணிகளோ அதைவிடப் பெரும் பகை. தலை துருப்பிடித்து உதிர்ந்து, உடல் மட்டும் உள்ளே நின்றுவிட்ட ஆணியைக் கண்ணால் காண இயலாது. இரும்பைச் சுற்றித் தேக்கு கறுத்திருக்கும். அந்தக் கறையைத் தேடுவார். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றையும் நூலில் கட்டி, பலகை மீது மெல்ல நகர்த்திப் பார்ப்பார். அப்படியும் ஓர் ஆணி தப்பி, வாளில் மூன்று பல் போயிற்று. அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு அமர்ந்தபோது யாருடனும் பேசவில்லை.

இரண்டு கதவுகளிலும் கணக்குப்படி 18 ரைஹால் தேறியிருக்க வேண்டும். பூட்டு இருந்த இடம், குடுமி பொருந்திய முனை, குமிழ் ஆணிகள் தைத்த வரிசை ஆகியவற்றைக் கழித்தபோது 11 மட்டுமே கிடைத்தன. எஞ்சிய துண்டுகளில் உடை மாட்டும் முளைகளும், சுவர்த் தட்டுகள் இரண்டும், உம்மாவின் கண்ணாடிக்கும் தஸ்பீஹுக்கும் ஒரு மூடியிட்ட பெட்டியும் ஆயின. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றுதான் ரைஹால் வேலை நகர்ந்தது. கூலியைக் கணக்கிட்டால் கடையில் வாங்குவதைவிடக் கூடுதலே. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பழைய மரம் மலிவு. பழைய மரத்தில் வேலை செய்வது மலிவன்று. சிக்கனத்திற்காகவே இதில் இறங்குவோர் ஏமாற்றம் அடைவர். உழைக்கும் பொருள் வேண்டுமென்று இறங்குவோர்க்கே இது ஏற்றது. அந்தப் பதினொன்றும் இன்றும் விரிந்து மடங்குகின்றன.

பழம்பொருளில் வேலை செய்பவன் தன் விருப்பத்தை முதலில் வரைந்துவிட்டு மரத்தைத் தேடக்கூடாது. கிடைத்த மரத்தின் அளவுக்கு விருப்பத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஆசாரியார் சொன்னார். ஆறடிக் கட்டில் வேண்டுமென்று ஐந்தடிப் பலகையிடம் கேட்க முடியாதல்லவா? கலைக் கல்லூரியில் வரலாறு படித்த எனக்கு அப்போது குர்துபா பெரிய பள்ளிவாசல் நினைவுக்கு வந்தது. 785ஆம் ஆண்டு முதலாம் அப்துர் ரஹ்மான் அதன் பணியைத் தொடங்கியபோது, இடிந்து கிடந்த உரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்களைக் கொண்டே எழுப்பினார்கள். தூண்கள் குட்டையானவை, உயரமும் ஒன்றுபோல் இல்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தின் கூரையை உயர்த்த, ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு என இரட்டை வளைவுகளை அமைத்தார்கள். உலகமே வியந்து படமெடுக்கும் அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளுக்கு, தூண் எட்டாமற்போனதும் ஒரு காரணம்.

இன்றும் பல நாடுகளில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. குஜராத்தில் பாவ்நகர் அருகேயுள்ள ஆலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல்களை உடைக்கிறார்கள். இரும்பு உருக்காலைக்குப் போகும். அறைகளிலிருந்த கட்டில், மேசை, நாற்காலி, கதவு, விளக்கு, சமையற் பாத்திரம் ஆகிய அனைத்தும் அங்கு செல்லும் சாலையோரத்துக் கடைகளில் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் குவிந்திருக்கும். ஒரு கப்பலின் உணவுக்கூட நாற்காலிகள் அப்படியே ஒரு நகரத்து உணவு விடுதிக்குப் போய்ச் சேரும். இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஜெபாரா நகரில், பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்கில் மேசைகள் செய்து கப்பலேற்றுகிறார்கள். ஹாலந்திலோ இது கலையாகவே மதிக்கப்படுகிறது. கெரிட் ரீட்வெல்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1934இல் சரக்குப் பெட்டிப் பலகையின் தரத்திலான மரத்தில் நாற்காலி வடிவமைத்தார். 1990இல் பீட் ஹைன் ஏக் என்னும் மாணவர், கழிவு மரத் துண்டுகளை வண்ணம் உரிக்காமலே இணைத்து ஓர் அலமாரியை முடித்துக் காட்டிப் பட்டம் பெற்றார். பின்னாளில் அதுவே அவருடைய தொழிலாயிற்று.

நம் நாட்டில் வசதி படைத்தோர் சிலர் மாட்டுவண்டிச் சக்கரத்தை உத்தரத்தில் தொங்கவிட்டு விளக்குப் போடுவதையும், உரலில் குரோட்டன்ஸ் செடி வைப்பதையும் இந்த வகையில் சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக்கரத்துக்கு உருளும் வேலையும் இல்லை, வேறு வேலையும் கொடுக்கவில்லை. அது வெறும் காட்சி. கதவு ரைஹாலாவதும் படகுப் பலகை பெஞ்சாவதும் வேறு.

மரம் என்றில்லை, துணியிலும் இதுவே உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க வழிவந்த அம்மக்களில் முஸ்லிம்கள் பலர். அவர்களின் பெண்கள் நைந்த சேலை, சட்டை, கைலித் துண்டுகளைச் சேர்த்துக் 'கவந்தி' என்னும் மெத்தை விரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவது அவர்கள் வழக்கம். நான்கு மூலைகளிலும் 'பூல்' என்று முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் விரிப்பு நிறைவடைந்ததாகக் கொள்வதில்லை. நம் வீடுகளில் பழைய கைலிகளைக் கால்மிதியாக்குவதோடு நின்றுவிடுகிறோம். சின்ன ராத்தா மட்டும் இச்செய்தியைக் கேட்டு ஒன்று தைக்கத் தொடங்கினார். ஓராண்டாகிறது, நடுவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இனி, இதைப் படித்துவிட்டுப் பழைய மரத்தைத் தேடிப் புறப்படுவோர்க்குச் சில எச்சரிக்கைகள். முதலாவது வண்ணப்பூச்சு. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றை ஐயத்துடனே அணுக வேண்டும். உப்புத்தாள் கொண்டு உலரத் தேய்த்தால் தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகும். நனைத்துச் சுரண்ட வேண்டும். மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொள்ள வேண்டும். சுரண்டிய கழிவைத் தாளில் திரட்டிக் கட்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரலாகாது; ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். நெருப்புக் காட்டி உரிப்பது இன்னும் தீது. பரோட்டாக் கடை அடுப்பில் எரிந்த எங்கள் பச்சைக் கதவை நினைக்கும்போது, இழப்பு எங்களுக்கு மட்டுந்தானா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இரண்டாவது, துறைமுக நகரங்களில் கிடைக்கும் சரக்குத் தட்டுகள். பேலட் என்று சொல்லப்படும் அவை மலிவான பைன் மரம். அலமாரிக்கும் செருப்பு அடுக்குக்கும் நன்றாகப் பொருந்தும். 2002இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதியின்படி, நாடு விட்டு நாடு போகும் தட்டுகளில் சூட்டுமுத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் அரைமணி நேரம் சூடேற்றப்பட்டது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால், நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர், மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை காட்டியது, விட்டுவிடுக. முத்திரையே இல்லாமல் எண்ணெயோ மருந்தோ சிந்திய கறையுள்ளதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பழைய கப்பலின் அறைத் தடுப்புப் பலகைகளில் கல்நார் இருக்கக்கூடும். அவற்றை அறுக்கவே கூடாது.

மா, முருங்கை போன்ற மென்மரங்களில் ஊசித்துளைகள் இருந்து, தட்டினால் மாவு போல உதிருமாயின் உளு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பலமுறை பூசி ஊறவிட்டுக் காயவைத்தால் அடங்கும். மிகவும் அரித்ததைக் காப்பாற்ற முயல்வது வீண். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

வீட்டை இடிக்க இருப்போர்க்கும் ஒன்று சொல்வேன். விலை பேசும் ஆள் வரும் முன்பு, ஓர் ஆசாரியாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். எது தேக்கு, எது வேங்கை, எது வேம்பு, எத்தனை கன அடி தேறும் என்று அவர் எழுதித் தருவார். மரத்தைத் தனியாகவும் இடிப்பைத் தனியாகவும் பேசுங்கள். கடப்பாறையால் நெம்பிப் பெயர்த்த நிலையின் கழுந்து உடைந்திருக்கும். மர ஆணியைத் தட்டி எடுத்துப் பிரித்தால் கழுந்தும் துளையும் பழுதின்றி வரும். அப்படியே வேறிடத்தில் பூட்டலாம்.

கிணற்றடியில் கிடந்த கீழ்ப்படியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஐந்தடி நீளம், ஐந்தங்குலக் கனம். தலைமுறை தலைமுறையாய் மிதிபட்டு நடுவில் குழிந்திருக்கும். பத்து ரைஹாலாவது வரும் என்று ஆசாரியார் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடும் போட்டுவிட்டார். பெரிய ராத்தா வந்து பார்த்தார். உம்மா கல்யாணப் பெண்ணாய் நின்ற படி, வாப்பாவின் ஜனாஸா கடந்து போன படி. அதில் உளி படக்கூடாது என்று சொல்லிவிட்டார். "குழியையாவது இழைச்சு மட்டம் பண்ணித் தர்றேம்மா" என்றார் ஆசாரியார். அதற்கும் ராத்தா இசையவில்லை. இரண்டு பூவரசங் கால்களைப் பொருத்திக் கொடுத்தார். ராத்தா வீட்டுத் திண்ணையில் பெஞ்சாகக் கிடக்கிறது. சுண்ணாம்புக் கோடு மட்டும் அழிந்து விட்டது. மழை பெய்தால் சாரல் தெறித்து அந்தக் குழியில் சிறிது நீர் தேங்கும். பேத்தி அதைத் துணியால் ஒற்றிவிட்டு உட்காருவாள்.